சென்னையில் வீடு வாங்க எந்த ஏரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீடு வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தாலே ஆளுக்கொரு ஏரியா பெயரைச் சொல்வார்கள். ஒருவர் மேடவாக்கம் என்பார், இன்னொருவர் போரூர் என்பார், மூன்றாமவர் கூடுவாஞ்சேரியில் இப்போதே மனை வாங்கிப் போடு என்பார். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டுக்கடன், வட்டி பற்றி இதில் எதுவும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும்தான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் ஏரியாவைப் பார்த்து வாங்கக் கூடாது, தெருவைப் பார்த்து வாங்க வேண்டும். தெருவில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

ஏரியாவை முதலில் முடிவு செய்யணுமா, பட்ஜெட்டையா?

பட்ஜெட்டைத்தான். அதுவும் பதிவுச் செலவையும் சேர்த்த பட்ஜெட். தமிழ்நாட்டில் மனையோ தனி வீடோ பழைய ஃபிளாட்டோ வாங்கினால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகும். 70 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 6 லட்சத்து 30 ஆயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு இது கொஞ்சம் குறையும்.

தொகை தெரிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் தினமும் எங்கெங்கே போய் வருகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். கணவன் சிறுசேரி, மனைவி அம்பத்தூர், பிள்ளை கே.கே.நகர் என்றால், எந்த ஏரியா வாங்கினாலும் யாரோ ஒருவர் தினமும் மூன்று மணி நேரம் ரோட்டில் இருப்பார். அது யார் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமல் புரோக்கருக்குப் போன் போடாதீர்கள்.

வெள்ளம் வராத ஏரியா எது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஏரியா அளவில் பதில் சொன்னால் அது தப்பாகத்தான் போகும்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். அடையாற்றின் மற்ற கிளைகளிலும் அன்றைக்குப் பெருவெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றங்கரை முழுக்க மூழ்கியது. அந்த வரிசையில் குடிசைப் பகுதியும் இருந்தது, கோடிக்கணக்கில் விலை போகும் பங்களாத் தெருவும் இருந்தது. ஆற்றுக்கு அருகில் தாழ்வான தரை என்பதைத் தவிர அந்த இடங்களுக்குள் வேறு ஒற்றுமை கிடையாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின் கதை வேறு. அப்போது பெரிய அடி வாங்கியது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழியெல்லாம் சுருங்கிவிட்டது. கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் தண்ணீர் இறங்கவும் இறங்காது. அதனால் மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் நின்றது. வேளச்சேரிக்காரர்கள் கனமழை எச்சரிக்கை வந்தாலே காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை நீங்களே செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஆக, சென்னையில் வெள்ளம் இரண்டு வகை. ஆறு கரை மீறி வருவது ஒன்று. வேகமாக வரும், உயிர் ஆபத்து அதிகம், ஆனால் எப்போதாவதுதான். பெய்த மழை போக இடமில்லாமல் தேங்குவது இன்னொன்று. இது மெதுவாக ஏறும், பல வருடம் வரும், நாள்கணக்கில் நிற்கும். வாங்கப் போகும் தெருவுக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் சேர்ந்து வரும் இடங்களும் இருக்கின்றன. அங்கே விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. ஏரிமேல் கட்டிய ஏரியா என்பதாலேயே ஒதுக்கிவிடவும் முடியாது. தி.நகரே 1920-களில் மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துக் கட்டியதுதான். நூறு வருடத்துக்குப் பிறகும் அங்கே சில தெருக்களில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்துத் தெருவில் நிற்பதில்லை. அதனால்தான் தெருவைப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

அப்படியென்றால் ஒரு தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்தத் தெருவில் இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவர், மளிகைக் கடைக்காரர், பழைய வீட்டு வாட்ச்மேன் இவர்களிடம் கேளுங்கள். "இங்கே தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். தங்கள் தெருவைப் பற்றித் தாழ்த்திச் சொல்ல யாருக்கும் மனசு வராது. "2015-ல எது வரைக்கும் வந்துச்சு? மிக்ஜாம்ல எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று கேளுங்கள். கரண்ட் எத்தனை நாள் இல்லை என்பது நல்ல அளவுகோல். தண்ணீர் வடியாமல் மின்சாரம் கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம் சுவர்களைப் பாருங்கள். காலி வீடு, பெயின்ட் அடிக்காத காம்பவுண்ட், டிரான்ஸ்பார்மர் மேடை, கோயில் மதில் இவற்றில் தண்ணீர் நின்ற கோடு வருடக்கணக்கில் அழியாது. டிரான்ஸ்பார்மரையும் மின்பெட்டிகளையும் மேடை கட்டி உயர்த்தி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கடைகளின் வாசல்படியில் ரெண்டடிக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாவது, ரோட்டின் உயரம். பல வருடமாகப் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் போன்ற பழைய குடியிருப்புகளில் வாசலில் இருந்து மூன்று படி இறங்கி வீட்டுக்குள் போகும் தெருக்கள் இருக்கின்றன. வாங்கப் போகும் கட்டடத்தின் தரை ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று நின்று பாருங்கள். சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வெள்ளத்தின்போது வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால் ஒரு வாரத்துக்குக் குடித்தனம் நடத்த முடியாது. முதல் மாடிதானே, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் லிப்ட் மோட்டார், மின் மீட்டர், ஜெனரேட்டர் எல்லாம் கீழேதான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நான்காவது, செயற்கைக்கோள் படம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. 2000-களின் தொடக்கத்துக்குப் போய், ஒரு மழைக்காலப் படத்தைத் தேடிப் பாருங்கள். இன்றைக்கு நகர் என்றும் அவென்யூ என்றும் பெயர் வைத்திருக்கும் இடம் அன்றைக்கு ஏரியின் உள்வாயாக இருந்திருக்கலாம். ஏரிக்கரைக்கு வெளியே இருப்பது ஒன்று, கரைக்கு உள்ளே தண்ணீர் பரவும் பக்கம் இருப்பது முற்றிலும் வேறு. கலங்கல், அதாவது ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் இடம், எந்தப் பக்கம் இருக்கிறது, உபரி நீர் வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்பதையும் தேடுங்கள். வருவாய்த் துறையின் நில அளவை வரைபடமான புலப்படத்தில் வாய்க்கால்கள் குறித்திருக்கும்.

இவ்வளவும் செய்ய முடியாதென்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போங்கள். பில்டர்கள் சைட் விசிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வண்டி அனுப்பிக் கூட்டிப் போவார்கள். அந்த வண்டியில் போய் ஏறாதீர்கள்.

கோடையில் தண்ணீர் கிடைக்குமா என்பதை எப்படிப் பார்ப்பது?

மழையில் மூழ்கும் ஏரியாவிலேயே மே மாதம் தண்ணி லாரிக்குக் காத்து நிற்பதும் இந்த ஊரில் நடக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024-ல் வந்தது, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர். நிலைமை அன்றைக்கு மாதிரி இல்லை என்றாலும் உங்கள் தெருவில் குழாய் இருந்தால்தான் அந்தத் தண்ணீர் உங்களுக்கு.

2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த சோழிங்கநல்லூர், பெருங்குடி, வளசரவாக்கம், மதுரவாயல், அம்பத்தூர், மாதவரம், மணலி பக்கங்களில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் தெருத்தெருவாகத்தான் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் "மெட்ரோ வாட்டர் இருக்கு" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டடத்துக்கே இணைப்பு இருக்கிறதா, தெருவோடு நிற்கிறதா? குடிநீர் வரி ரசீதைக் காட்ட முடியுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை எவ்வளவு நேரம் வருகிறது?

போர்வெல் தண்ணீரின் கதை பக்கத்துக்குப் பக்கம் மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர் ஓரம் மணல் பூமி. ஆழம் குறைவாகவே நல்ல தண்ணீர் உண்டு. ஆனால் அளவுக்கு மேல் உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும். அந்த நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான் கடற்கரையை ஒட்டி ஒரு பகுதியில் பெரிய கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் கீழே பாறை. ஒரு வீட்டில் ஊறும், அடுத்த வீட்டில் ஊறாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள், சில நூறு ரூபாய்தான். ஆர்ஓ வழியாக வரும் தண்ணீரில் வைக்காதீர்கள், போரில் இருந்து நேரே வரும் குழாயில் வையுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2,000-ஐத் தாண்டினால் குளிக்கவும் துவைக்கவும்கூடக் கஷ்டம்.

பழைய ஃபிளாட் என்றால் அசோசியேஷன் கணக்கு நோட்டைக் கேளுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தண்ணி லாரிக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். வேறு யார் என்ன சொன்னாலும் நான் இந்த நோட்டைத்தான் நம்புவேன்.

கழிவுநீர்?

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி. பெரிய அடுக்ககம் என்றால் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்க வேண்டும். அது ஓடுகிறதா என்று நேரில் பாருங்கள். பல இடங்களில் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்திருப்பார்கள், கழிவு பக்கத்து ஏரிக்குப் போகும். அந்த ஏரியைக் காட்டித்தான் "லேக் வியூ" என்று விற்றிருப்பார்கள்.

மெட்ரோ வரப்போகிறது என்று விலை சொல்கிறார்கள். இப்போதே வாங்கிவிடலாமா?

மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர். மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி, மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர். இது முழுதாக ஓடும்போது ஊரே மாறும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் விலையில் அந்த மெட்ரோ ஏற்கெனவே ஏறிவிட்டது. ரயில் வருவதற்கு முன்பே அதற்கான காசை பில்டர் வாங்கிக்கொள்கிறார்.

கெடு தேதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். அந்த நீட்டிப்பு வேலை 2008-ல் தொடங்கியது. கடைசி அரைக் கிலோமீட்டருக்கு நிலம் எடுக்கும் தகராறில் பல வருடம் அந்தரத்தில் நின்றது. அதை நம்பி ஆதம்பாக்கத்தில் வாங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்து கல்லூரியும் போய்விட்டார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது அதற்கென்று ஒரு ரயில் நிலையம் கிடையாது.

என் யோசனை: இன்றைக்கு ஓடும் ரயிலும் பஸ்ஸும் போதும் என்று தோன்றும் இடத்தை வாங்குங்கள். மெட்ரோ வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் "500 மீட்டரில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நடந்து பாருங்கள். வரைபடத்தில் 500 மீட்டர் இருக்கும், நடுவில் கால்வாயோ ரயில் பாதையோ குறுக்கே ஓடும். இரவு எட்டரை மணிக்கு வீட்டுப் பெண்கள் தனியாக நடந்து வர முடிகிற வழிதானா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

ஓ.எம்.ஆரில்தான் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை. அங்கேயே வாங்குவதுதானே சரி?

வேலை மாறும், வீடு மாறாது. ஐ.டி. துறையில் இருப்பவர் அடுத்த ஐந்து வருடம் அதே அலுவலகத்தில் இருப்பார் என்பதே நிச்சயமில்லை. இன்றைக்குத் தரமணி, நாளைக்குக் கிண்டி, அப்புறம் போரூர் பக்கம் மணப்பாக்கம் என்று போகும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருங்கள். வாங்குவதை எல்லாப் பக்கமும் போகத் தோதான இடத்தில் வாங்குங்கள். புறநகர் ரயில் ஓடும் வழியில், நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். குரோம்பேட்டை, பல்லாவரம், மேற்கே வில்லிவாக்கம், அம்பத்தூர் இதெல்லாம் விளம்பரத்தில் அதிகம் வராத, ஆனால் வாழத் தோதான ஊர்கள்.

ஓ.எம்.ஆரில்தான் வாங்குவது என்று முடிவாகிவிட்டால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எல்லையில் இருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அது 2022-ல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றிக் கட்டட அனுமதி தொடர்பாக வழக்குகள் நடக்கின்றன. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

வடசென்னை பக்கம் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

இதைச் சொல்பவர்களில் பலர் சென்ட்ரலைத் தாண்டி வடக்கே போனதே கிடையாது. அவர்கள் சொல்வதில் ஊர் பற்றிய அறிவைவிட அங்கே வாழும் உழைக்கும் மக்கள் மேல் உள்ள இளக்காரம்தான் அதிகம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

பெரம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் வந்த ஊர். ரயில் வசதி, பழைய மார்க்கெட், பள்ளிக்கூடங்கள், ரயில்வே மருத்துவமனை, பல மொழி பேசுபவர்கள் கூடி வாழ்ந்த பழக்கம் எல்லாம் அங்கே உண்டு. சென்ட்ரலுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். இதே வசதிகள் தெற்கே இருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை போன பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் இருந்து கிண்டிக்கு ஒரே ரயிலில் போகலாம். மாதவரம், கொளத்தூர், வில்லிவாக்கம் வழியாக இரண்டாம் கட்டமும் வருகிறது.

பார்க்க வேண்டியவை வேறு. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26 இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு. இவற்றுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் குடும்பம் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதே அளவுகோலைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் பக்கம் கோடி ரூபாய்க்கு வாங்குபவரிடமும் வைக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு வடக்கு, தெற்கு தெரியாது.

பழைய ஏரியாவில் பழைய ஃபிளாட்டா, புறநகரில் புதுசா?

கையில் இருப்பது ஒரே தொகை என்றால் மயிலாப்பூரிலோ அசோக் நகரிலோ முப்பது வருடப் பழைய 700 சதுர அடி கிடைக்கும், அதே காசுக்கு வண்டலூர் தாண்டிப் புதுசாக 1,300 சதுர அடி கிடைக்கும். இதில் யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும், நிலம்தான் மிஞ்சும். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் ஆறு வீடு கட்டியிருந்தால் சராசரியாக ஆளுக்கு 400 சதுர அடி நிலம். இருபது மாடிக் கட்டடத்தில் அதே அளவு ஃபிளாட்டுக்கு இதில் பாதிகூட வராமல் போகலாம்.

பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் நடக்காது என்ற பயம் முன்பு இருந்தது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அதனால் பழைய ஏரியாவில், நல்ல யுடிஎஸ் உள்ள, சின்ன கட்டடத்தில் வாங்குவதை நான் முன்பைவிடத் தைரியமாகச் சொல்கிறேன். தூண்களில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறதா என்பதை மட்டும் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிடுங்கள்.

புதுக் கட்டடத்துக்கும் இன்ஜினியர் தேவை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஏரிகள் சூழ்ந்த மண்ணில் உயரமாகக் கட்டும் இடங்களில் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

அப்பா அம்மாவும் கூட இருக்கப் போகிறார்கள். அவர்களுக்கு எந்த ஏரியா?

ரோட்டைக் கடக்காமல் நடக்க ஒரு வழி, பக்கத்தில் காய்கறிக் கடை, ஒரு பூங்காவோ கோயிலோ, ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இவ்வளவுதான். 22-வது மாடியும் நீச்சல் குளமும் அவர்களுக்குச் சிறை. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் வயதானவர்கள் மாலையில் வெளியே நடமாடுவதைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

"எங்களுக்கு வீடு தருவார்களா?" என்ற பயம் இருக்கிறது. என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், தலித் குடும்பங்கள், தனியாக வாழும் பெண்கள். வாடகைக்குப் போகும்போது "நீங்க என்ன ஆளுங்க?", "சைவமா?" என்ற கேள்விகளைக் கேட்டு நொந்தவர்கள். சொந்தமாக வாங்கும்போது பில்டரிடம் இது குறைவு. பழைய கட்டடத்தில் மறுவிற்பனையாக வாங்கும்போதுதான் அதிகம் எதிர்ப்படும்.

விற்பவர் சரி என்றாலும், அக்கம்பக்கம் முகம் சுளித்தால் தினமும் அதைச் சுமக்கப் போவது உங்கள் பிள்ளைகள். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டடத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்களோடு பேசுங்கள். அசோசியேஷன் விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். என்ன சமைக்கலாம், யார் வரலாம் என்றெல்லாம் விதி வைத்திருக்கும் கட்டடம் யாருக்குமே நல்லதில்லை. உங்களை ஒதுக்குகிற கட்டடத்தில் இடம் பிடித்துப் போராட வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. வெட்கப்பட வேண்டியது அவர்கள்தான்.

தாம்பரத்துக்கு அப்பால் மனை வாங்கிப் போடலாமா?

போடலாம், பத்திரத்தைப் பார்க்கத் தெரிந்த வக்கீல் கூட இருந்தால். அங்கீகாரம் இல்லாத மனைகளை 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு புதிதாகப் பதிய முடியாது. மனைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி கொடுத்த அங்கீகார எண்ணை மனைப் பிரிவு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். "அப்ரூவல் அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டாவும், நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேடும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, கோயில் நிலம் இவற்றில் எதுவாக இருந்தாலும் யார் என்ன உத்தரவாதம் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், அவர் தன் பெயரில் அங்கே எத்தனை மனை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

அந்த ஏரியாவில் முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பது வீண் செலவா?

இல்லவே இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, ஒரு நவம்பரும் ஒரு மே மாதமும் உள்ளே வருகிற மாதிரி இருந்து பாருங்கள். மழை, வறட்சி இரண்டையும் ஒரே வாடகையில் பார்த்துவிடலாம். நல்ல வீடு விற்பனைக்கு வருவது புரோக்கருக்குத் தெரியும் முன்பே அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்து வாங்குபவர்களால் இது முடியாது. அவர்கள் இங்கே இருக்கும் தம்பியையோ மச்சானையோ மழை நாளில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை அனுப்பி, தெருவைத் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

தெரு பிடித்துவிட்டது, வீடும் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரம்), பட்டா, சொத்து வரி ரசீது, குடிநீர் வரி ரசீது. கட்டட அனுமதியையும், அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறார்களா என்பதற்கான நிறைவுச் சான்றையும் சேர்த்துப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ உள்ள புதுத் திட்டம் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கட்டாயம் இருக்க வேண்டும். அதை ரெரா இணையதளத்தில் போட்டால் பில்டர் எப்போது முடித்துத் தருவதாக அரசிடம் சொல்லியிருக்கிறார் என்பது தெரியும். உங்களிடம் வாயால் சொன்ன தேதியோடு அதை ஒப்பிடுங்கள்.

கூடவே பக்கத்துக் காலி மனையின் சர்வே எண்ணையும் சிஎம்டிஏ நிலப் பயன்பாட்டில் தேடிப் பாருங்கள். உங்கள் பால்கனிக்கு எதிரே தோப்பாகத் தெரிவது வணிகப் பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ குறிக்கப்பட்டிருந்தால், அங்கே என்ன வரலாம் என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.